ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்: மிச்சமாவது காசு மட்டும்தானா? சம்பளக்காரங்களுக்கு ஒரு கணக்கு

இதைப் படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. கடைசி மூணு மாச கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டையும், யுபிஐ ஆப்பில் இருக்கும் ஆட்டோபே பட்டியலையும் திறங்க. அதில் மென்பொருளுக்காகப் போகும் காசை மட்டும் தனியாகக் கூட்டுங்க. ஆஃபீஸ் பேக்கேஜ், பிடிஎஃப் எடிட்டர், போட்டோ எடிட்டர், ஆன்ட்டி வைரஸ், செலவுக் கணக்கு ஆப்போட "பிரீமியம்" எல்லாம் இதில் அடங்கும். சினிமா, பாட்டு சந்தாவை இப்போதைக்கு விட்டுடுங்க.

சிலருக்கு மாசம் 300 வரும், சிலருக்கு 1,000 வரும். சிலருக்கு சுத்தமாக ஜீரோ வரும். ஜீரோ வந்தவங்களில் ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, உண்மையிலேயே எதுவும் தேவைப்படாதவங்க. இன்னொண்ணு, கடைக்காரர் போட்டுக்கொடுத்த க்ராக் வெர்ஷனில் ஓட்டுறவங்க. இந்த ரெண்டாவது வகைதான் இந்தக் கட்டுரையை முழுசாகப் படிக்கணும்.

ஒண்ணு சொல்லிடறேன். நான் ஆடிட்டர், எனக்கு கோடிங் தெரியாது. ஓப்பன் சோர்ஸ் விஷயத்தில் நானும் புதுசுதான். அதனால இது டெக்னிக்கல் கட்டுரை கிடையாது. மாசச் சம்பளம் வாங்குறவங்களுக்கு இதில் என்ன லாபம், என்ன ரிஸ்க், எங்கே சரிப்பட்டு வராது என்று கணக்குப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன?

நமக்குத் தெரிந்த உதாரணத்தில் பார்ப்போம். ஒரு அப்பார்ட்மென்ட் சங்கம். மாசாமாசம் மெயின்டனன்ஸ் வசூலிக்கிறாங்க. ஒரு சங்கத்தில் செக்ரட்டரி கணக்கு நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டிட்டு, "எல்லாம் சரியா இருக்கு, நம்புங்க" என்கிறார். இன்னொரு சங்கத்தில் வரவு செலவு முழுவதும் நோட்டீஸ் போர்டில் தொங்குது. யார் வேணும்னாலும் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், தப்பைத் திருத்தலாம்.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் பின்னால் புரோகிராமர்கள் எழுதிய மூல நிரல், அதாவது சோர்ஸ் கோட், இருக்கு. அதை பீரோவில் பூட்டி வைத்தால் அது மூடிய மென்பொருள். நோட்டீஸ் போர்டில் மாட்டி, "பயன்படுத்துங்க, பாருங்க, மாத்துங்க, மத்தவங்களுக்கும் கொடுங்க" என்று உரிமமே எழுதிக் கொடுத்தால் அது ஓப்பன் சோர்ஸ்.

தமிழில் இதற்குக் "கட்டற்ற மென்பொருள்" என்று ஒரு அழகான பெயர் உண்டு. ஆங்கிலத்தில் "ஃப்ரீ" என்ற சொல் குழப்பும், இலவசமா சுதந்திரமா என்று தெரியாது. தமிழில் அந்தக் குழப்பமே இல்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனு திட்டத்தை அறிவித்தபோது பேசியது விலையைப் பற்றியல்ல, இந்தக் கட்டற்ற தன்மையைப் பற்றி. 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். "ஓப்பன் சோர்ஸ்" என்ற பெயர் 1998-ல்தான் வந்தது.

இங்கே ஒரு வித்தியாசத்தை மறக்காதீங்க. இலவச ஆப் எல்லாமே ஓப்பன் சோர்ஸ் கிடையாது. காசு வாங்காத, ஆனால் உள்ளே என்ன நடக்குது என்று காட்டாத ஆப்கள்தான் அதிகம்.

"நமக்கு எதுக்கு லினக்ஸ்?" என்று கேட்கறீங்களா? உங்க ஆண்ட்ராய்டு போனுக்குள்ளே ஓடுவதே லினக்ஸ் கெர்னல்தான். அரசுப் பள்ளியில் படிச்சு இலவச லேப்டாப் வாங்கினவங்களில் சிலருக்கு அதில் "பாஸ்" என்று ஒரு சிஸ்டம் இருந்தது ஞாபகம் இருக்கலாம். அது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ்.

முதலில் காசுக் கணக்கு

மென்பொருள் சந்தா மாசம் மொத்தம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 12,000. இதில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கும். தொழில் செய்பவர் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள முடியும். சம்பளக்காரருக்கு அந்த வழி கிடையாது.

வருமான வரியிலும் இதே கதைதான். "சார், ஆஃபீஸ் வேலைக்குத்தானே லேப்டாப் வாங்கினேன், கழிக்கலாமா?" என்று ஐடிஆர் சீசனில் நிறைய பேர் கேட்பாங்க. சம்பள வருமானத்தில் இதுபோன்ற செலவுகளுக்குக் கிடைப்பது நிலையான கழிவு மட்டும்தான். புதிய முறையில் 75,000, பழைய முறையில் 50,000. லேப்டாப் பில், மென்பொருள் பில் எதையும் தனியாகக் காட்ட முடியாது. ஆக, நீங்க கட்டுற ஒவ்வொரு சந்தா ரூபாயும் வரி கட்டின பிறகு கையில் மிஞ்சும் பணத்திலிருந்துதான் போகுது.

அந்த 1,000 ரூபாயை எஸ்ஐபியில் போட்டால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 10 சதவீதம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால் (இது உத்தரவாதம் இல்லை), 10 வருஷத்தில் நீங்க கட்டியது 1.20 லட்சம், கையில் இருப்பது சுமார் 2.05 லட்சம்.

ஆனால் சந்தாவை நிறுத்தினால் மட்டும் சேமிப்பு வந்துடாது. நிறுத்திய அன்னைக்கே அதே தொகைக்கு எஸ்ஐபியோ ஆர்டியோ போட்டால்தான் அது சேமிப்பு. இல்லேன்னா அந்த 1,000 ரூபாய் மாசக் கடைசியில் ஹோட்டல் பில்லாக மாறிடும்.

இன்னொரு விஷயம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 15,000 ரூபாய் வரையிலான தொடர் சந்தாக்களுக்கு முதல் முறை அனுமதி கொடுத்துட்டா அடுத்தடுத்த மாசம் ஓடிபி இல்லாமலே பணம் போகும். 24 மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு அறிவிப்பு வரும். நூறு எஸ்எம்எஸ்ஸுக்கு நடுவில் அதை யாரு பார்க்கிறா? அதனாலதான் முதல் வேலையாக அந்தப் பட்டியலைத் திறக்கச் சொன்னேன்.

க்ராக் வெர்ஷன் இலவசம் இல்லை

இப்போ ஜீரோ வந்த ரெண்டாவது வகைக்கு வருவோம். நம்ம ஊரில் லேப்டாப் சர்வீஸுக்குக் கொடுத்தால் "ஆஃபீஸ் போட்டுத் தரவா, போட்டோஷாப் போட்டுத் தரவா?" என்று கேட்பது சாதாரணம். 300 ரூபாயில் எல்லாம் முடிஞ்சுடும். இதில் ரெண்டு ஆபத்து.

முதலாவது சட்டம். 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்துவதைக் குற்றம் என்கிறது. 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால், சிறை இல்லாமல் 50,000 வரை அபராதத்தோடு நிறுத்த நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. இந்த இடத்தைக் கவனிங்க. வேலை முடிஞ்சு வந்து ராத்திரியில் ஃப்ரீலான்ஸாக லோகோ டிசைன் பண்றீங்க, வீடியோ எடிட் பண்றீங்க, அதுவும் க்ராக் மென்பொருளில். அப்போ அது லாபத்துக்கான பயன்பாடு. அந்தச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது.

ரெண்டாவது ஆபத்துதான் பர்ஸில் நேராகக் கை வைப்பது. க்ராக் ஃபைலை ஓட்டறதுக்கு முன்னாடி "ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணுங்க" என்று சொல்வாங்க. யோசிச்சுப் பாருங்க. முன்பின் தெரியாத ஒருத்தர், வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிட்டு கதவைத் திறந்து வைக்கச் சொல்றார். நாமும் வைக்கிறோம். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் மால்வேர்கள் இப்படிப்பட்ட ஃபைல்கள் வழியாகத்தான் அதிகம் உள்ளே வருது. அதே லேப்டாப்பில்தானே நெட்பேங்கிங், டீமேட், பிஎஃப் எல்லாம் திறக்கறீங்க?

பணம் போனால் வங்கி கொடுக்குமா? ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை இதைத் தெளிவாகப் பிரித்தது. வங்கியின் பக்கம் தவறு என்றால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்தது என்றால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்பட்ட நட்டம் உங்க தலையில். "க்ராக் போட்டிருந்தேன்" என்பது எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்படி ஏதாவது நடந்துட்டா முதலில் வங்கிக்கும் 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்கும் போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது.

க்ராக்குக்கும் மாசச் சந்தாவுக்கும் நடுவில் மூணாவது வழி ஒண்ணு இருக்கு. ஓப்பன் சோர்ஸ் அதுதான். சட்டப்படி சுத்தம், விலையும் இல்லை.

எதுக்கு எது?

பெரிய பட்டியல் போட்டு உங்களைக் குழப்ப விருப்பமில்லை. சம்பளக்காரர் வாழ்க்கையில் அடிக்கடி வரும் ஐந்து வேலைகளை மட்டும் பார்ப்போம்.

1. கணக்கு ஷீட்டும் கடிதமும்: லிப்ரே ஆஃபீஸ். எக்செல்லுக்குப் பதில் கால்க், வேர்டுக்குப் பதில் ரைட்டர். நம்ம சேனலில் சொல்லித்தர பிஎம்டி, எஃப்வி, எக்ஸ்ஐஆர்ஆர் ஃபார்முலாக்கள் கால்க்கிலும் அதே பெயரில் அப்படியே வேலை செய்யும். 30 லட்சம் வீட்டுக்கடன், 8.5 சதவீதம், 20 வருஷம் என்று பிஎம்டி போட்டுப் பாருங்க, மாசம் சுமார் 26,035 வரும். எக்செல்லிலும் இதே எண்தான். கணக்குக்கு எந்தக் கம்பெனி என்று தெரியாது இல்லையா?

லிப்ரே ஆஃபீஸின் கதையே ஒரு பாடம். முன்னாடி ஓப்பன் ஆஃபீஸ் என்று ஒன்று இருந்தது. அதை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010-ல் ஆரக்கிள் வாங்கியது. இனி என்ன ஆகுமோ என்று கவலைப்பட்ட புரோகிராமர்கள் அதே ஆண்டில் கோடை எடுத்துக்கொண்டு லிப்ரே ஆஃபீஸ் என்று தனியாகக் கிளம்பிட்டாங்க. கோட் நோட்டீஸ் போர்டில் இருந்ததால் இது முடிந்தது. மூடிய மென்பொருளாக இருந்தால் கம்பெனி கை மாறியதும் வாடிக்கையாளர் கைகட்டி நிற்கணும்.

2. பிடிஎஃப் வேலை. என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம் இதுதான். வீட்டுக்கடனுக்கு ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபார்ம் 16, பான், ஆதார் எல்லாத்தையும் ஒரே ஃபைலாக்கிக் கேட்பாங்க. உடனே நாம என்ன பண்றோம்? கூகுளில் தேடி, முதலில் வரும் ஏதோ ஒரு வெப்சைட்டில் எல்லாத்தையும் அப்லோடு பண்றோம். உங்க சம்பளம், முகவரி, அக்கவுண்ட் நம்பர், பான், ஆதார் எல்லாம் முன்பின் தெரியாத ஒரு சர்வருக்குப் போயிடுது. அவங்க அதை அழிச்சாங்களா என்று பார்க்க நம்மகிட்ட வழி இல்லை.

பாஸ்வேர்டை நீக்கித் தரும் தளங்கள் இன்னும் மோசம். வருமான வரித்துறையின் ஏஐஎஸ் பிடிஎஃப்போட பாஸ்வேர்டு என்ன? உங்க பான் நம்பரும் பிறந்த தேதியும் சேர்ந்தது. பல பேங்க் ஸ்டேட்மென்ட்டுகளிலும் இதுபோலத்தான். அந்தத் தளத்தில் பாஸ்வேர்டை டைப் பண்ணும்போதே ரெண்டு அடையாளத் தகவலைக் கையில் கொடுத்துட்டீங்க.

இதை உங்க கம்ப்யூட்டரிலேயே, நெட்டை ஆஃப் பண்ணிட்டே செய்யலாம். பல பிடிஎஃப்களை ஒண்ணு சேர்க்க, பக்கம் பிரிக்க "பிடிஎஃப்சாம் பேசிக்" இருக்கு. லினக்ஸ் பயன்படுத்தினால் "பிடிஎஃப் அரேஞ்சர்". பாஸ்வேர்டு நீக்க ஃபயர்ஃபாக்ஸில் ஃபைலைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, பிரின்ட் கொடுத்து "பிடிஎஃப் ஆக சேமி" என்றால் பெரும்பாலும் வேலை முடிஞ்சது. ரெண்டு நிமிஷ வேலைக்கு பான் கார்டை ஊருக்கு விநியோகிக்க வேண்டாமே.

3. செலவுக் கணக்கு: குனுகேஷ். இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் உற்சாகம் அதிகமாயிடும், மன்னிக்கணும். எஸ்எம்எஸ் படிச்சு தானாகச் செலவுக் கணக்கு போடும் ஆப்கள் வசதியானவைதான். ஆனால் உங்க ஒவ்வொரு வங்கி எஸ்எம்எஸ்ஸும் அந்த ஆப் கண்ணுக்குப் படுது. உங்க சம்பளம் எவ்வளவு, இஎம்ஐ எவ்வளவு, மாசக் கடைசியில் எவ்வளவு இழுபறி என்று தெரிஞ்ச ஒரு ஆப், கொஞ்ச நாளில் "உடனடி கடன் தயார்" என்று விளம்பரம் காட்டினால் ஆச்சரியப்படாதீங்க.

குனுகேஷ் எங்களைப் போன்ற ஆடிட்டர்கள் பயன்படுத்தும் இரட்டைப் பதிவு முறையிலேயே வீட்டுக் கணக்கு எழுத உதவும் மென்பொருள். ஃபைல் உங்க கம்ப்யூட்டரிலேயே இருக்கும். இரட்டைப் பதிவு எதுக்கு என்று ஒரு உதாரணம் சொல்றேன். கார்டில் 1,200 ரூபாய்க்குச் சாப்பிட்டீங்க. அடுத்த மாசம் 5-ம் தேதி கார்டு பில் 1,200 கட்டினீங்க. செலவு எவ்வளவு? 1,200 தான். ஆனால் எஸ்எம்எஸ்ஸை மட்டும் எண்ணினால் ரெண்டு தடவை பணம் போன மாதிரி தெரியும், 2,400 என்று ஆகிடும். குனுகேஷில் கார்டு ஒரு "கடன்" கணக்கு. சாப்பிட்டபோது செலவும் கடனும் கூடுது. பில் கட்டும்போது வங்கி இருப்பும் கடனும் குறையுது, செலவு தொடப்படவே இல்லை. இது புரிஞ்சுட்டா கிரெடிட் கார்டுகிட்ட பாதி பயம் போயிடும். "மினிமம் டியூ" கட்டிட்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியாது, மீதிக் கடன் கண்ணு முன்னாடி நிற்கும்.

இவ்வளவு வேண்டாம், போனிலேயே எழுதணும் என்றால் "மை எக்ஸ்பென்சஸ்" என்ற ஓப்பன் சோர்ஸ் ஆப் இருக்கு. கையால்தான் எழுதணும். அந்த ஒரு நிமிஷச் சிரமம்தான் செலவையும் குறைக்கும்.

4. பாஸ்வேர்டு: பிட்வார்டன் அல்லது கீபாஸ்எக்ஸ்சி. எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் பேரும் பிறந்த வருஷமும் சேர்த்து. இந்தப் பழக்கத்துக்கு இதுதான் மருந்து. பிட்வார்டனின் இலவசத் திட்டமே தனிநபருக்குப் போதும், போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே கணக்கு ஓடும். கீபாஸ்எக்ஸ்சி எல்லாத்தையும் பூட்டிய ஒரே ஃபைலாக உங்க கம்ப்யூட்டரில் வைக்கும். ஒரு எச்சரிக்கை: மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்தால் கீபாஸ் ஃபைலை யாராலும் திறந்து தர முடியாது. எழுதி, உறையில் போட்டு, பத்திரம், எல்ஐசி பாண்டு இருக்கும் இடத்தில் வையுங்க. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா வீட்டில் இருக்கறவங்களுக்கும் அது தேவைப்படும்.

5. பிரவுசரும் வீடியோவும்: ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி. ஃபயர்ஃபாக்ஸில் "யூபிளாக் ஆரிஜின்" என்ற விளம்பரத் தடுப்பானையும் சேர்த்துப் போடுங்க, அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். விளம்பரம் தொல்லை என்பதற்காக மட்டும் சொல்லல. வங்கியோட கஸ்டமர் கேர் நம்பரைத் தேடும்போது விளம்பரமாக வரும் போலி நம்பர்களில் ஏமாறுவோர் நிறைய. விளம்பரமே வரலேன்னா அந்தக் கதவில் பாதி மூடிய மாதிரி. விஎல்சி பாரிஸில் கல்லூரி மாணவர்களின் புராஜெக்டாக 1996-ல் ஆரம்பித்தது. இன்னைக்கும் அதில் விளம்பரமே கிடையாது.

பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீங்க

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப், குறிப்பிட்ட தலைமுறைக்கு மேற்பட்ட பிராசசர் எல்லாம் வேணும். நல்லா ஓடிக்கிட்டிருக்கும் லேப்டாப்பே "தகுதியில்லை" என்று ஆகிடுது.

கோயம்புத்தூரில் 32,000 ரூபாய் சம்பளம் வாங்கும் 25 வயசு பையன் ஒருத்தர் என்று வைத்துக்கொள்வோம். புது லேப்டாப் 55,000. கையில் இல்லை, 15 சதவீத வட்டியில் 12 மாச இஎம்ஐ. மாசம் சுமார் 4,964. மொத்தம் கட்டுவது சுமார் 59,570. சம்பளத்தில் 15 சதவீதத்துக்கும் மேல் ஒரு வருஷம் இதுக்கே போகுது. அவசரகால நிதியே இன்னும் சேர்க்காத பையனுக்கு இது பெரிய சுமை.

அவர் லேப்டாப்பில் செய்வது என்ன? பிரவுசர், ஷீட், யூடியூப், ஆன்லைன் கோர்ஸ். இதுக்கு லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். அதுக்கு 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் சௌகரியம். விண்டோஸ் பழகினவங்களுக்குத் திரையும் அந்நியமாகத் தெரியாது. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். செலவு புது லேப்டாப்பில் ஒரு சின்னப் பங்குதான்.

நேராக இன்ஸ்டால் பண்ண வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருதா, சவுண்டு வருதா, பிரின்டர் வேலை செய்யுதா என்று பார்த்துட்டு முடிவெடுங்க. இன்ஸ்டால் பண்றதா இருந்தால் அதுக்கு முன்னாடி போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாத்தையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்க. இன்ஸ்டாலில் டிஸ்க்கை அழிக்கும் ஒரு படி உண்டு.

சும்மா கொடுத்தால் அவங்க எப்படிப் பிழைப்பாங்க?

சீட்டு கம்பெனிகளைப் பார்த்து வளர்ந்த ஊர் நம்மளது. "இலவசம்" என்றால் சந்தேகம் வருவது நல்ல பழக்கம்தான்.

லினக்ஸில் இன்னைக்கு கோட் எழுதுபவர்களில் பெரும்பாலோர் பெரிய நிறுவனங்களில் சம்பளம் வாங்குறவங்க. அந்த நிறுவனங்களின் சர்வர்களே லினக்ஸில்தான் ஓடுது, அதனால் செலவு பண்றாங்க. லினக்ஸை வைத்து நிறுவனங்களுக்குச் சேவை விற்ற ரெட் ஹேட்டை, 2019-ல் ஐபிஎம் 34 பில்லியன் டாலருக்கு வாங்கி முடித்தது. ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொசில்லாவுக்கு வருமானத்தில் பெரும்பகுதி கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைப்பதற்குக் கிடைக்கும் பணம். நம்ம நாட்டிலும் ஸெரோதா நிறுவனம் 2024-ல் இதற்கென ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் நிதி ஒன்றை அறிவித்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. சம்பளமே இல்லாமல் ஒரே ஒருத்தர் தோளில் சுமக்கும் புராஜெக்ட்டுகளும் ஏராளம். 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்க. லினக்ஸில் ஃபைல்களைச் சுருக்கப் பயன்படும் "எக்ஸ்இசட்" என்ற சின்ன மென்பொருள். அதைப் பராமரித்தவர் சோர்ந்துபோன ஒரு தன்னார்வலர். உதவுவது போல வந்த ஒருத்தர் ரெண்டு வருஷத்துக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் ரகசியக் கதவு ஒன்றை உள்ளே வைத்துட்டார். அதைக் கண்டுபிடித்தவர் மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற இன்ஜினியர். லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகுதே என்று தோண்டிப் பார்த்தார். உலகம் முழுவதும் பரவுவதற்கு முன்னாடி பிடிபட்டது.

ஒரு ஆடிட்டராக எனக்கு இந்தச் சம்பவத்தில் ரெண்டு பாடம். கணக்கு நோட்டீஸ் போர்டில் இருந்ததால்தான் சம்பந்தமே இல்லாத ஒருத்தரால் தோண்டிப் பார்க்க முடிந்தது. அதே சமயம், எல்லாரும் பார்க்கலாம் என்பதால் எல்லாரும் பார்த்துட்டாங்க என்று அர்த்தமில்லை. அப்பார்ட்மென்ட் போர்டில் தொங்கும் கணக்கை எத்தனை பேர் படிக்கிறாங்க, சொல்லுங்க? ஓப்பன் சோர்ஸ் என்ற பெயரே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. பல பேர் பயன்படுத்தும், தொடர்ந்து அப்டேட் வரும் மென்பொருளை எடுங்க, அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க.

நீங்க தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை 200, 500 என்று நன்கொடை கொடுத்தால் நல்லது. வெளிநாட்டு அறக்கட்டளைக்குக் கொடுப்பதற்கு 80ஜி கழிவு கிடைக்காது, புதிய வரி முறையில் இருந்தால் 80ஜியே கிடையாது. வரி மிச்சமாகும் என்று கொடுக்காதீங்க, பயன்பட்டதுக்காகக் கொடுங்க.

எங்கே சரிப்பட்டு வராது?

இதைச் சொல்லாமல் விட்டால் நான் விளம்பரதாரர் ஆகிடுவேன்.

ஆஃபீஸ் லேப்டாப்பில் ஐடி டீம் அனுமதியில்லாமல் எதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க, ஓப்பன் சோர்ஸாக இருந்தாலும் சரி. இங்கே சொல்வதெல்லாம் உங்க சொந்த லேப்டாப்புக்கு.

மேக்ரோ நிறைந்த எக்செல் ஃபைல்கள் லிப்ரே ஆஃபீஸில் சிக்கும். வருமான வரித்துறை தரும் எக்செல் யூட்டிலிட்டி அப்படிப்பட்டது, அதை எக்செல்லில்தான் திறக்கணும். சம்பளம் மட்டும் உள்ளவங்க ஐடிஆர் 1-ஐப் போர்ட்டலிலேயே ஆன்லைனில் முடிச்சுடலாம் என்பதால் இது பெரிய தடையில்லை. டேலி பழகி வேலை தேடுறவங்க, கணக்குத் துறையில் இருக்கறவங்க விண்டோஸை விட்டு முழுசாக வர முடியாது. ரெஸ்யூமேவை ரைட்டரில் செய்தால் பிடிஎஃப்பாக அனுப்புங்க, வேர்டு ஃபைலாக அனுப்பினால் சில சமயம் வரிசை கலையும்.

கஸ்டமர் கேர் நம்பரும் கிடையாது. பிரச்சினை வந்தால் தேடித்தான் தீர்க்கணும். தமிழில் கற்க "கணியம்" தளத்தில் நிறைய கட்டுரைகள் இருக்கு. சென்னையிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இயங்குது.

அப்புறம் உங்க நேரத்துக்கும் விலை உண்டு. மாசம் 40,000 சம்பளம், சுமார் 200 மணி நேர வேலை என்றால் ஒரு மணி நேரம் 200 ரூபாய். 500 ரூபாய் மிச்சப்படுத்த 20 மணி நேரம் திண்டாடினால் அது நட்டக் கணக்கு. தொழிலுக்குத் தேவையான மென்பொருள், அதில்தான் உங்க சம்பளமே வருது என்றால், காசு கொடுத்து வாங்குங்க. அது செலவு இல்லை, முதலீடு. ஃப்ரீலான்ஸ் வருமானத்தை வழக்கமான கணக்கு முறையில் காட்டுறவங்க அந்தச் சந்தாவைத் தொழில் செலவாகவும் கழிக்கலாம்.

இந்த சனி, ஞாயிறு செய்ய வேண்டியது

எல்லாத்தையும் ஒரே நாளில் மாத்தாதீங்க. இந்த வரிசையில் போங்க.

முதலில் ஆட்டோபே பட்டியலைப் பார்த்து, மூணு மாசமாகத் தொடாத சந்தாவை நிறுத்துங்க. அதே தொகைக்கு அன்னைக்கே ஒரு எஸ்ஐபியோ ஆர்டியோ போடுங்க.

ரெண்டாவது, க்ராக் மென்பொருள் எது எது இருக்கு என்று எழுதுங்க. எடுத்துட்டா மட்டும் போதாது, நல்ல நகல் எடுத்து வைத்து சிஸ்டத்தையே புதுசாக இன்ஸ்டால் பண்ணுவது பாதுகாப்பு. அதுக்கப்புறம் வங்கி, ஈமெயில் பாஸ்வேர்டுகளை மாத்துங்க. முதலில் ஈமெயில், ஏன்னா மத்ததையெல்லாம் ரீசெட் பண்ணும் சாவி அதுதான்.

மூணாவது, பிடிஎஃப் வேலைக்கு ஒரு ஆஃப்லைன் மென்பொருள், பாஸ்வேர்டுக்கு ஒரு மேனேஜர். இந்த ரெண்டும் போதும், மத்தது அடுத்த மாசம்.

டவுன்லோடு பண்ணும்போது அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்க. தேடலில் மேலே வரும் விளம்பர லிங்க்கைத் தொடாதீங்க, பிரபலமான மென்பொருள் பெயரில் போலி ஃபைல் வைத்துக் காத்திருப்பாங்க. 2022-ல் விஎல்சியின் தளமே சில மாதங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது, அதே நவம்பரில் திரும்பத் திறந்தது. ஒரு தளம் திறக்கலேன்னா கண்ட இடத்தில் தேடாமல், போனில் பிளே ஸ்டோர், லினக்ஸில் அதன் சாஃப்ட்வேர் மேனேஜர் என்று நம்பகமான வழியில் போங்க.

குனுகேஷில் சம்பளக்காரருக்கான கணக்குத் தலைப்புகளை எப்படி அமைப்பது என்று அடுத்த வீடியோவில் திரையில் காட்டறேன். அதுக்குள்ளே உங்க மென்பொருள் செலவு மாசம் எவ்வளவு என்று ஒரு எண்ணை எழுதி வையுங்க. அந்த எண்ணிலிருந்துதான் ஆரம்பிக்கப் போறோம்.